வெள்ளத்தை வென்ற பொறியியல் மேதை விசுவேசுவரய்யா

உலகில் பிறந்து மறைந்தோர் எண்ணிலடங்கார். அவருள் தம் அறிவைப் பிறர் துயர் துடைக்கப் பயன்படுத்திய சிலரே மறைந்த பின்னும் மக்கள் உள்ளத்தில் வாழ்கின்றனர். ஆறுகளை அடக்கி, அணைகளை எழுப்பி, நகரங்களுக்குக் குடிநீர் தந்த பொறியியல் மேதை மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா அத்தகையோருள் ஒருவர் ஆவார். ஆண்டுதோறும் பருவமழையையும் அதனோடு வரும் வெள்ளத்தையும் எதிர்கொள்ளும் ஜொகூர் மக்களாகிய நாம் அவருடைய வரலாற்றை அறிந்துகொள்வது மிகவும் பொருத்தமாகும்.

இளமையும் கல்வியும்

அக்கால மைசூர் அரசைச் சேர்ந்த முத்தேனஹள்ளி எனும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் சீனிவாச சாஸ்திரிக்கும் வெங்கடலட்சுமம்மாவுக்கும் மகனாகப் பிறந்தார் விசுவேசுவரய்யா. இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தில் வறுமை சூழ்ந்தது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. பெங்களூருக்குச் சென்று, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கிடைத்த வருவாயில் தாமும் கற்றார். 1881இல் பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகையுடன் பூனா நகரின் அறிவியல் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1883இல் முதல் மாணவராகத் தேறினார். வறுமை கல்விக்குத் தடையாகாது என்பதற்கு இவர் இளமையே சான்றாகும்.

தொண்டின் தொடக்கம்

1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். சிந்து ஆற்றங்கரையில் அமைந்த சுக்கூர் நகர மக்கள் கலங்கிய நீரால் துன்புற்றனர். இவர் ஆற்றுப்படுகையிலேயே கிணறு தோண்டச் செய்து, மணலில் வடிந்து ஊறிய தெளிந்த நீரை அவர்களுக்கு வழங்கினார்.

1903இல் பூனாவுக்கு அருகில் உள்ள கடக்வாசலா அணையில் தாமே அமைத்த தானியங்கி மதகுகளைப் பொருத்தினார். நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் அம்மதகுகள் தாமே திறந்துகொள்ளும். மட்டம் தணிந்தால் தாமே மூடிக்கொள்ளும். இதனால் அணையின் உயரத்தைக் கூட்டாமலேயே கூடுதல் நீரைத் தேக்க முடிந்தது.

ஐதராபாத்தின் பெருந்துயர்

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ஐதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசி ஆறு கரைபுரண்டது. பாலங்கள் தகர்ந்தன. ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. ஆற்றங்கரையில் நின்ற ஒரு புளிய மரத்தின் மீது ஏறி 150 பேர் வரை உயிர் தப்பினர். அம்மரம் நின்ற இடம் பின்னர் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அமைந்தது.

அரசுப் பணியிலிருந்து விலகி அயல்நாடுகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த விசுவேசுவரய்யாவை நிஜாம் அரசு உதவிக்கு அழைத்தது. 1909இல் அவர் ஐதராபாத் வந்து சேர்ந்தார்.

வெள்ளத்தைத் தடுக்க என்ன செய்யலாம்? நகரின் கரைகளை உயர்த்திவிட்டால் போதும் எனப் பலரும் எண்ணுவர். ஆனால் விசுவேசுவரய்யா நகரோடு நின்றுவிடவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் எவ்வளவு நிலப்பரப்பின் மழைநீர் மூசியில் வந்து கலக்கிறது, அங்கே எத்தனை அங்குல மழை பெய்தது, எந்தெந்த ஏரிகள் உடைந்தன, வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்பவற்றையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டார். நகருக்கு மேலே நூற்றுக்கணக்கான ஏரிகள் இருந்தன. அவற்றுள் 200க்கும் மேற்பட்டவை அப்பெருமழையில் உடைந்திருந்தன. ஓர் ஏரி உடைந்து அடுத்த ஏரியை உடைக்க, அந்நீரெல்லாம் திரண்டு நகரின் மீது பாய்ந்தது என்பது தெளிவாயிற்று. வெள்ளம் அழித்த இடம் ஒன்று; அது பிறந்த இடம் வேறொன்று. இதுவே அவர் கண்ட உண்மையாகும்.

ஆகவே நகருக்கு மேலே, மூசி ஆற்றின் குறுக்கே ஒன்றும், அதன் கிளையாறான ஈசியின் குறுக்கே மற்றொன்றுமாக இரண்டு நீர்த்தேக்கங்கள் அமைக்குமாறு கூறினார். பெருமழையின்போது அவை வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும். நகரிலுள்ள ஆறு தாங்கக்கூடிய அளவு நீர் மட்டுமே சிறிது சிறிதாகத் திறந்துவிடப்படும். மழைக்குப் பின் எஞ்சிய நீர் குடிநீராகும். அழிக்க வந்த நீரே தாகம் தீர்க்கும் நீராக மாறுவது எத்துணை வியப்பு! இவற்றோடு நகருக்குள் கரைகளைச் செம்மைப்படுத்தவும், கழிவுநீர் வடிகால்களை அமைக்கவும் அவர் திட்டம் வகுத்தார்.

அவ்வாண்டின் இறுதியிலேயே மைசூர் அரசு அவரைத் தலைமைப் பொறியாளராக அழைத்துக்கொண்டது. எனினும் அவர் வகுத்த திட்டம் நின்றுவிடவில்லை. வேறு பொறியாளர்கள் அதனைத் தொடர்ந்தனர். உஸ்மான் சாகர் 1920இலும், ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவெய்தின. ஒருவர் போட்ட திட்டம் முழுமை பெறப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. வெள்ளத் தடுப்பு ஒரு நாள் வேலையன்று என்பதை நாம் இங்கு உணர வேண்டும்.

காவிரியும் மகாநதியும்

மைசூரில் காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணையை எழுப்பும் பணி 1911இல் தொடங்கியது. நம் முன்னோர் பலர் விட்டுவந்த தஞ்சை, திருச்சி மண்ணை வளப்படுத்தும் அதே காவிரிதான் அது. அணையால் பல்லாயிரம் ஏக்கர் நிலம் பாசனம் பெற்றது. ஆயினும் நீர்த்தேக்கத்துள் ஊர்கள் மூழ்கின, மக்கள் இடம்பெயர்ந்தனர். பெரிய திட்டம் ஒவ்வொன்றுக்கும் யாரோ சிலர் விலை கொடுக்கின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1912 முதல் 1918 வரை அவர் மைசூர் திவானாகவும் பணியாற்றினார். எழுபத்தைந்து வயதைக் கடந்த பின்னும் ஓய்ந்திருக்கவில்லை. 1937இல் காந்தியடிகள் வேண்டியதற்கிணங்க ஒரிசாவின் வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட்டு, மகாநதியை அடக்கும் வழிகளை ஆராய்ந்து கூறினார். 1955இல் பாரத ரத்னா விருது அவரை அடைந்தது. நூறாண்டு வாழ்ந்து, 1962ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இயற்கை எய்தினார். அவர் பிறந்த நாள் இந்தியாவில் பொறியாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஜொகூரும் வெள்ளமும்

அவருடைய வாழ்வு நமக்குக் கற்பிப்பது யாது? 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெய்த பெருமழையில் கோத்தா திங்கி நகரம் மூழ்கியது. நம் மாநிலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு மையங்களை நாடினர். 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் மீண்டும் வெள்ளக்காடாயின.

ஐதராபாத்தில் செய்ததைப் போன்றே இங்கும் செய்யப்பட்டுள்ளது. 1980களில் எழுந்த செம்புரோங் அணையும், அதனையடுத்து எழுந்த பெக்கோக் அணையும் வெள்ளத்தைத் தாங்கவும் குடிநீர் தரவும் அமைந்தவை. ஆனால் 2023 மழையில் பெக்கோக் அணையின் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டியது. ஐதராபாத்தும் 2020 அக்டோபரில் வெள்ளத்தில் தத்தளித்தது. அந்நகரின் ஏரிகளும் நீர்வழிகளும் கட்டடங்களாய் மாறியிருந்தமை அதற்கு ஒரு காரணமாகும். அணை மட்டும் போதாது. மழைநீர் தங்க இடமும் வேண்டும், ஓட வழியும் வேண்டும்.

இதனைத் தோட்ட மக்களாகிய நம் பெரியோர் நன்கு அறிவர். ரப்பர் தோட்டங்களின் சரிவுகளில் குழிகளை வெட்டி மழைநீரையும் மண்ணையும் தேக்கியவர்கள் அவர்களே. மண் அரிக்காதிருக்க மூடுபயிர் வளர்த்தவர்களும் அவர்களே. மேட்டில் மண் நின்றால் கீழே ஆறு தூர்ந்துபோவதில்லை. விசுவேசுவரய்யா பேரணையால் செய்ததை, அவர்கள் மண்வெட்டியால் செய்தனர் எனலாம்.

மாணவச் செல்வங்களே! கால்வாயில் எறியும் ஒவ்வொரு நெகிழிப் பையும் மழைநீரின் வழியை மறிக்கிறது. ஆதலின் அதனைத் தவிர்ப்போம். கணக்கையும் அறிவியலையும் ஊன்றிக் கற்போம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் படித்த ஓர் ஏழை மாணவர் ஆறுகளை அடக்கினார் என்றால், நம் பள்ளியிலிருந்தும் நாளை ஒரு பொறியாளர் தோன்றி ஜொகூர் ஆறுகளைக் காக்கக்கூடும். வெள்ளம் வருமுன் அணை கோலும் அறிவை நாமும் பெறுவோமாக!