வானூர்திக்கு ஆசைப்பட்ட வால்சந்த்

வால்சந்த் ஹிராசந்த் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மேற்கு இந்தியாவின் சோலாப்பூரில் பிறந்தார். வட்டித் தொழிலும் பருத்தி வணிகமும் குடும்பத் தொழில்கள். அவருக்கோ அவற்றில் நாட்டமில்லை. இரயில் பாதை போடும் குத்தகையாளராகி, மலைகளைக் குடைந்து சுரங்கப் பாதைகள் அமைத்தார். பின்னர்க் கப்பல் தொழிலில் இறங்கினார். அவரும் நண்பர்களும் வாங்கிய ‘லாயல்டி’ கப்பல் 1919 ஏப்ரல் 5ஆம் நாள் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. இந்தியா அந்நாளை இன்றும் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறது.

1939இல் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில், விமானத்தில் வில்லியம் பாலி என்பவரைச் சந்தித்தார். பாலி சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தி வந்தவர். அங்கே முடியும் என்றால் இந்தியாவில் ஏன் முடியாது என்ற எண்ணம் வால்சந்தைப் பற்றிக்கொண்டது. மைசூர் அரசு பெங்களூரில் 700 ஏக்கர் நிலம் தந்தது. திவான் சர் மிர்சா இஸ்மாயில் துணை நின்றார். 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமான நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டிலேயே அங்கே உருவான முதல் பயிற்சி விமானம் பறந்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கெடாவின் சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் விமானத் தளங்களில் குண்டு வீசின. சில வாரங்களில் மலாயா வீழ்ந்தது. போர் பர்மாவை எட்டியது. பெங்களூர்த் தொழிற்சாலையைத் தனியார் கையில் விட்டுவைக்க இந்திய அரசு விரும்பவில்லை. 1942 ஏப்ரலில் வால்சந்தின் பங்குகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. பணம் கிடைத்தது; ஆனால், அவர் கேட்டது பணமன்று.

1943இல் தொழிற்சாலையின் நிருவாகம் அமெரிக்க இராணுவத்திடம் சென்றது. புதிய விமானங்களைக் கட்டும் வேலை பின்னுக்குப் போனது; போர்முனையில் களைத்த விமானங்களையும் இயந்திரங்களையும் பழுது பார்ப்பதே முதன்மைப் பணியாயிற்று.

பழுது பார்த்த இயந்திரத்தை அப்படியே விமானத்தில் பொருத்திவிட முடியாது. வானத்தில் நின்றுபோனால் விமானிக்கு இறங்க இடம் ஏது? ஆகவே, தடித்த சுவர்கள் கொண்ட சோதனைக் கூடத்தில் இரும்புச் சட்டத்தில் பூட்டி, பல மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள். காற்று உள்ளே வரவும், காதைப் பிளக்கும் இரைச்சல் மேல்நோக்கிச் செல்லவும் புகைபோக்கி போன்ற உயரமான கூண்டுகள் இருக்கும். பொறியாளர் பக்கத்து அறையில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து, எண்ணெய் அழுத்தம், வெப்பம், சுழற்சி வேகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். ஓர் அளவு பிசகினாலும் இயந்திரம் மீண்டும் பிரிக்கப்படும்.

வால்சந்த் சோர்ந்து உட்காரவில்லை. விசாகப்பட்டினத்தில் அவர் தொடங்கிய கப்பல் கட்டும் தளத்திலிருந்து 1948இல் ‘ஜல உஷா’ கடலில் இறங்கியது. கார்த் தொழிற்சாலையும் அமைத்தார். பக்கவாதம் தாக்கவே 1950இல் ஓய்வு பெற்றார்.

அடுத்த ஆண்டு பெங்களூர்த் தொழிற்சாலையிலிருந்து இந்தியப் பொறியாளர்களே வடிவமைத்த எச்.டி.-2 விமானம் பறந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 1953 ஏப்ரல் 8ஆம் நாள் வால்சந்த் குஜராத்தின் சித்பூரில் காலமானார்.