கழலை நோய்க்கு உப்பில் விடை கண்ட ராமலிங்கசுவாமி

நாட்டில் விற்கும் உப்புப் பொட்டலங்களில் அயோடின் சேர்ந்திருப்பதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் மருத்துவ அறிஞர் வுலிமிரி ராமலிங்கசுவாமி. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஸ்ரீகாகுளத்தில் 1921 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பிறந்தார். விசாகப்பட்டினத்தில் மருத்துவமும் ஆக்ஸ்போர்டில் உயர் ஆய்வும் பயின்ற அவர், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார்.

இமயமலையின் காங்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை பரவலாகக் காணப்பட்டது. 1956-இல் அங்கு தொடங்கிய ஆய்வே அவருக்குப் பெரும் புகழ் தந்தது. சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டில் அயோடின் கலந்த உப்பும், ஒன்றில் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் பள்ளிச் சிறுவர்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினருக்குக் கழலை இருந்தது. ஆறு ஆண்டுகளில் அயோடின் மண்டலங்களில் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. சாதாரண உப்பு மண்டலத்தில் குறையவே இல்லை. ஒரு பகுதியினரை இத்தனை ஆண்டுகள் காத்திருக்க வைத்த ஆய்வுமுறை இன்று கடும் கேள்விகளுக்கு உள்ளாகியிருக்கும். 1962-இல் அம்மண்டலத்துக்கும் அயோடின் உப்பு வந்தது. தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் அதே ஆண்டில் பிறந்தது.

கழலை கழுத்தோடு நிற்கும் நோயன்று. நலமான கர்ப்பத்திலேயே தாயின் தைராய்டு வழக்கத்தைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக ஹார்மோன் சுரக்க வேண்டும். சிறுநீரகம் வழியாக அயோடின் அதிகம் வெளியேறும். முதல் மூன்று மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனே ஆதாரம். அதன் சொந்தச் சுரப்பி அப்போது முழுமையாக இயங்குவதில்லை. ஆகவேதான் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடினும் கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராமும் தேவை என உலக சுகாதார அமைப்பு வரையறுத்துள்ளது. மண்ணிலும் உணவிலும் அயோடின் அற்ற மலைக்கிராமங்களில் இத்தேவை நிறைவேறாததால், அறிவு வளர்ச்சி குன்றியும் செவித்திறன் இழந்தும் குழந்தைகள் பிறந்தன. பின்னாளில் ராமலிங்கசுவாமியும் சக ஆய்வாளர்களும் இப்பாதிப்பையே முன்னிறுத்தினர்.

டெல்லி எய்ம்ஸ் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் தலைமை இயக்குநராகவும் விளங்கிய அவர், 1986-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

உண்பதற்கு அயோடின் அற்ற உப்பை விற்க விதிக்கப்பட்டிருந்த தடையை மத்திய அரசு 2000-இல் நீக்கியது. மறு ஆண்டு மே 28-ஆம் தேதி ராமலிங்கசுவாமி காலமானார். 2006-இல் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.