சாலைக்குப் பெயர் தந்தவர்

நெடுஞ்சாலைப் பணிக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைப் புரட்டினால் மெக்காடம் என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். வாட்டர் பவுண்ட் மெக்காடம், வெட் மிக்ஸ் மெக்காடம், பிட்டுமினஸ் மெக்காடம் என அதில் பல வகைகள் உண்டு. அது ஏதோ ஒரு கலவையின் பெயர் என்று எண்ணியிருப்போரை நான் நிறையவே கண்டிருக்கிறேன். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். பொறியியல் பயிலாமல், ஏறத்தாழ அறுபது வயதில் சாலைப் பணியை முழுநேரத் தொழிலாக ஏற்ற ஜான் லவுடன் மெக்காடம்தான் அவர்.

1756-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் பிறந்தவர் மெக்காடம். பதினான்கு வயதில் நியூயார்க்கில் வணிகம் செய்துவந்த சிற்றப்பனிடம் அனுப்பப்பட்டார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் முடியாட்சியின் பக்கம் நின்றார், பொருளும் ஈட்டினார். முடியாட்சி தோற்றதும் 1783-இல் எஞ்சிய செல்வத்துடன் தாயகம் திரும்பி, ஏர்ஷயரில் ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறினார். நிலக்கிழார் என்ற முறையில் உள்ளூர்ச் சாலைகளை மேற்பார்வையிடும் குழுவில் இடம் கிடைத்தது. அவருடைய சாலை வாழ்க்கை இந்தக் கௌரவப் பதவியில்தான் தொடங்கியது.

அதே காலத்தில் அவர் ஈடுபட்டிருந்த மற்றொரு தொழில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. டண்டொனால்ட் பிரபுவின் நிலக்கரித் தார் நிறுவனத்தில் பங்கேற்று, மியூர்கர்க் என்ற ஊரில் தார் காய்ச்சும் ஆலையை அவர் கவனித்துவந்தார். மரக்கப்பல்களின் அடிப்பகுதியைப் புழு அரிக்காமல் காக்கப் பூசுவதற்காக அந்தத் தார் தயாரிக்கப்பட்டது. கடற்படை செம்புத் தகட்டை நாடியதால் அத்தொழில் எதிர்பார்த்த வாழ்வைத் தரவில்லை. தாரும் சாலையும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. ஆயினும் ஒன்றை மற்றொன்றின்மேல் ஊற்ற அவர் எண்ணவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை என்பதே அவருடைய கொள்கையின் சாரம்.

1798-இல் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்கும், பின்னர் பிரிஸ்டலுக்கும் குடிபெயர்ந்தார். இக்காலத்தில் சாலைகளைப் பார்ப்பதற்காகவே நாடெங்கும் சுற்றினார். ஏறத்தாழ முப்பதாயிரம் மைல் பயணம். அதற்குச் சொந்தப் பணத்திலிருந்து சுமார் ஐயாயிரம் பவுன் செலவு. 1816-இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் தலைமைக் கண்காணிப்பாளரானார். அவ்வாண்டிலும் 1819-இலும் அவர் வெளியிட்ட இரு நூல்கள் அவரது முறையை நாடறியச் செய்தன.

அக்காலச் சாலை அமைப்போர் சுமையைக் கல் தாங்குகிறது என்று நம்பினர். புகழ்பெற்ற தாமஸ் டெல்ஃபோர்டு பெருங்கற்களைக் கையால் அடுக்கி அடித்தளம் அமைத்தார். மெக்காடம் இதை மறுத்தார். சுமையை இறுதியில் தாங்குவது இயற்கை மண்ணே. மண் உலர்ந்திருக்கும்வரை எந்தச் சுமையையும் தாங்கும். நீர் புகுந்தால் கல் எவ்வளவு பருமனாக இருந்தாலும் புதையும் என்றார். ஆகவே அவருடைய சாலை நீரைத் தடுக்கும் ஒரு கூரை. சுற்றியுள்ள நீர்மட்டத்துக்கு மேல் மண்தளத்தை உயர்த்தி, இருபுறமும் வடிகால் வெட்டினார். முப்பது அடி அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரங்களைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருந்தால் போதும் என்றார். அதன்மேல் உடைத்த ஜல்லியைப் படிப்படியாகப் பரப்பி, ஏறத்தாழ பத்து அங்குலக் கனத்துடன் நிறுத்தினார்.

ஜல்லியின் அளவில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தக் கல்லும் ஆறு அவுன்ஸ் எடைக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மிகலாகாது. சக்கரத்தின் இரும்புப் பட்டையைவிடச் சிறிய கூர்முனைக் கற்களைச் சக்கரம் பெயர்க்காது. ஒன்றோடொன்று கவ்வும்படி இறுக்கும். மண்ணையோ களியையோ இடையில் கலக்கக் கூடாது, அவை நீரை உறிஞ்சும் என்பதும் அவரது கண்டிப்பான விதி. மண்பசையும் நீரும் சேர்த்து இறுக்கும் இன்றைய வாட்டர் பவுண்ட் முறைக்கு அவர் பெயர் வழங்குவதை அவர் ஏற்றிருப்பாரா என்பது ஐயமே.

மண்ணைப் பற்றிய அவரது கருத்துக்கு வேறொரு வகையில் இன்றும் மதிப்பு உண்டு. நம் நாட்டில் சாலையின் கனத்தை முடிவுசெய்யும்முன், மண் மாதிரியை நான்கு நாள் நீரில் ஊறவைத்து அதன் வலிமையை அளக்கிறோம். ஆனால் சோதனைக்கூடத்தில் நீருக்கு இவ்வளவு அஞ்சும் நாம், களத்தில் வடிகாலைத் தூர்ந்துபோக விட்டு, பழைய தளத்தின்மேல் புதிய தார்த்தளத்தை ஏற்றிக்கொண்டே போகிறோம். மழைக்குப் பின் தோன்றும் குழிகளுக்கு நாம் தாரைக் குறை சொல்கிறோம்; மெக்காடமாக இருந்தால் முதலில் ஓரத்து வாய்க்காலைப் பார்த்திருப்பார்.

பொறியியலைவிட நிர்வாகத்தில்தான் அவருக்கு எதிரிகள் மிகுதி. அன்றைய பிரிட்டனில் சுங்கம் வசூலித்துச் சாலைகளைப் பராமரிக்கும் குழுக்கள் ஏறத்தாழ ஆயிரம் இருந்தன. வசூல் கடனிலும் முறைகேட்டிலும் கரைந்தது. பல இடங்களில் சாலைக் கண்காணிப்பு, தொழில் அறியாதவர்களிடம் தரப்பட்ட சில்லறைப் பதவி. இன்னொரு புறம், ஊராட்சிச் சாலைகளில் மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் கூலியின்றி உழைக்க வேண்டும் என்ற பழஞ்சட்டமும் நடப்பில் இருந்தது. பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர், அவருக்கு நல்ல ஊதியம், உழைப்பவருக்குக் கூலி, செலவுக்குத் தெளிவான கணக்கு என்று மெக்காடம் வலியுறுத்தினார். பழைய சாலைகளைத் தோண்டி, அதே பெருங்கற்களை உடைத்து மீண்டும் பரப்பச் செய்ததால் செலவும் குறைந்தது. அமர்ந்தபடி சிறு சுத்தியலால் கல் உடைக்கும் முறையால் முதியோருக்கும் பெண்களுக்கும் கூலி கிடைத்தது. சிறுவர்களும் அதில் ஈடுபடுத்தப்பட்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவரை மாசற்ற மனிதராகக் காட்ட நான் விரும்பவில்லை. புதல்வர்களும் பேரர்களும் பல சாலைக் குழுக்களில் பதவி பெற்றனர். குடும்பமே கொழிக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1823-இல் நாடாளுமன்றக் குழு அவருடைய பணியை ஆராய்ந்தது. பின்னர் நாடாளுமன்றம் அவருக்கு நிதி வழங்கியது. 1827-இல் லண்டன் வட்டாரச் சாலைகளின் தலைமைப் பொறுப்பு வந்தது. அதற்குள் அவரது முறை அட்லாண்டிக் கடலைக் கடந்து, அமெரிக்காவின் மேரிலாந்தில் 1823-இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது.

சர் பட்டம் தர அரசு முன்வந்தபோது முதுமையைக் காரணம் காட்டி மறுத்தார். அது அவர் மகன் ஜேம்ஸுக்குச் சென்றது. 1836 நவம்பர் 26 அன்று, ஸ்காட்லாந்திலிருந்து தெற்கே வீடு திரும்பும் வழியில் மொஃபட் என்ற ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பது. இருப்புப்பாதை வந்து சுங்கச் சாலைகளின் காலம் மங்கத் தொடங்கியிருந்த ஆண்டுகள் அவை.

இரும்புச் சக்கரம் இறுக்கிய கற்களை, பின்னாளில் மோட்டார் வண்டியின் ரப்பர்ச் சக்கரம் பெயர்த்துப் புழுதியாக்கியது. நாட்டிங்ஹாம்ஷயரின் கண்காணிப்பாளர் எட்கர் பர்னெல் ஹூலி, ஓர் இரும்பாலை அருகே சிந்திய தாரின்மேல் இரும்புக் கசடு கொட்டப்பட்டிருந்த இடம் புழுதியின்றி இறுகியிருந்ததைக் கண்டார். கசடையும் தாரையும் கலக்கும் முறைக்கு 1902-இல் காப்புரிமை பெற்றார். மியூர்கர்க்கில் தார் காய்ச்சியவரின் பெயரோடு தார் சேர்ந்து டார்மாக் என்ற சொல் பிறந்தது அப்போதுதான்.