ரயிலில் இடமில்லை, நடந்தார் சிவா!

மதுரை ஜில்லாவில் அப்போது சேர்ந்திருந்த வத்தலக்குண்டில் 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி ஒரு பையன் பிறந்தான். தந்தை ராஜம் அய்யர். தாயார் நாகலட்சுமி. பையனுக்கு இட்ட பெயர் சுப்பராமன். பிற்காலத்தில் நாடு அவரை சுப்பிரமணிய சிவா என்று அழைத்தது.

குடும்பத்தில் வறுமை. மதுரையில் கொஞ்ச காலம் படித்தார். பிறகு திருவனந்தபுரம் போனார். அங்கே ஊட்டுப்புரையில் இலவசமாகச் சாப்பாடு போடுவார்கள். அதைச் சாப்பிட்டுப் படித்தார்.

வளர்ந்ததும் சுதேசிப் பிரசாரத்தில் இறங்கினார். மேடை ஏறினால் அனல் பறக்கும்! திருவிதாங்கூர் அரசு அவரை ஊரை விட்டு வெளியேற்றியது. தூத்துக்குடிக்கு வந்தார். அங்கே கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையோடு சேர்ந்தார்.

1908 மார்ச் 12-ந்தேதி இருவரையும் போலீசார் கைது செய்தனர். திருநெல்வேலியில் வழக்கு நடந்தது. நீதிபதி பின்ஹே, சிவாவுக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. அப்போது சிவாவுக்கு வயது 24.

சிறையில் வந்த நோய்

திருச்சி சிறையிலும் சேலம் சிறையிலும் அவர் அடைக்கப்பட்டார். ஆட்டு ரோமத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சுத்தம் செய்யும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். சிறையில் இருக்கும்போதே தொழுநோய் கண்டது.

சுண்ணாம்பும் ரோமமும்தான் நோயைக் கொடுத்தன என்று மக்கள் பேசினார்கள். இன்றைய மருத்துவம் வேறு சொல்கிறது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-லேயே அதைக் கண்டுபிடித்தார். அது மெதுவாக வளரும். உடலில் புகுந்து, வெளியே தெரியப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே, சிவாவை அது எங்கே பிடித்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், நெருக்கடியும் அரைவயிற்றுச் சாப்பாடும் உள்ள இடம் இந்த நோய்க்கு ஏற்ற இடம். சிறை அப்படிப்பட்ட இடம்தானே!

1912 நவம்பர் 2-ந்தேதி விடுதலையானார். அடுத்த மாதம் கண்ணனூர் சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வந்தார். கப்பலோட்டியவரை வரவேற்கக் கூட்டம் இல்லை. சிவா வந்து நின்றார். நோயால் உருமாறி இருந்த நண்பரை வ.உ.சி.யால் முதலில் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை என்பார்கள்.

சிவா சும்மா இருக்கவில்லை. 1913-ல் சென்னையில் "ஞானபானு" என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த பாரதியார் அதில் எழுதினார். வ.உ.சி.யும் எழுதினார்.

கால்நடைப் பயணம்

மேடைகளில் பேசுவதையும் சிவா விடவில்லை. இதை எப்படி நிறுத்துவது? சட்டம் கைகொடுத்தது. தொற்றுநோய்க்காரர் ரயிலில் போகக்கூடாது என்பது அன்றைய விதி. அதைக் காட்டி சிவாவை ரயில் ஏற விடாமல் தடுத்தார்கள். கட்டை வண்டி கிடைத்தால் வண்டி. இல்லாவிட்டால் நடை. ஊர் ஊராக நடந்தார்.

இதில் உள்ள கொடுமையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். தொழுநோய் நரம்பைக் கெடுக்கும். கை கால்களில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினால் தெரியாது. சூடுபட்டாலும் தெரியாது. நம் காலில் சிறு கல் உறுத்தினால் உடனே நின்று எடுத்துப் போடுகிறோம். உணர்ச்சி போனவர் அந்தக் கல்லின் மேலேயே மைல் கணக்கில் நடப்பார். புண் ஆகும். சீழ் பிடிக்கும். எலும்பு வரை போகும். விரல்கள் குறைவது பெரும்பாலும் இப்படித்தான். அப்படிப்பட்ட நோயாளிக்கு வேண்டியது ஓய்வு. அவருக்குக் கிடைத்ததோ நெடுஞ்சாலை!

அக்காலத்தில் இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். அது நோயை முழுதாகத் தீர்க்கவில்லை. நல்ல மாத்திரைகள் 1940-களில்தான் வந்தன. 1980-களில் கூட்டு மருந்து வந்தது. அதை 6 மாதம் முதல் 12 மாதம் வரை சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். மருந்து தொடங்கியதும் சீக்கிரமே பிறருக்குத் தொற்றாது என்பதும் தெரிந்தது. மருந்து வந்த பிறகும் சட்டம் மாறவில்லை. தொழுநோயாளர்களை ஒதுக்கி வைக்க 1898-ல் வெள்ளையர் கொண்டுவந்த சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது.

பாப்பாரப்பட்டியில்...

1921-ல் சிவா மறுபடியும் சிறை சென்றார். உடல்நிலை மோசமானதால் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே விட்டார்கள். காவி உடை தரித்திருந்தார். தர்மபுரி பக்கத்தில் உள்ள பாப்பாரப்பட்டியில் நண்பர்கள் அவரை ஒதுக்கவில்லை, ஆதரவு தந்தார்கள். அங்கே நிலம் வாங்கினார். சாதி வேற்றுமை இல்லாமல் எல்லோரும் வந்து வணங்க, பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார்.

கட்டடத்துக்குப் பணம் வேண்டும். புண்பட்ட காலோடு மறுபடியும் ஊர் சுற்றினார் சிவா. போதிய பணம் சேரவில்லை.

1925 ஜூலை மாதம் மதுரைப் பக்கம் போய்விட்டுப் பாப்பாரப்பட்டிக்குத் திரும்பி வந்தார். ஜூலை 23-ந்தேதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. 41 வயதுகூட நிறையவில்லை. ஆலயத்துக்கு நாட்டிய அடிக்கல் அப்படியே இருந்தது.