கணிதம் சோறு போடுமா? ஜோன் வொன் நொய்மானின் கதை

1921ஆம் ஆண்டு. புடாபெஸ்ட் நகரில் மக்ஸ் நொய்மான் என்ற வங்கியாளருக்கு ஒரு கவலை. மூத்த மகனுக்கு வயது பதினேழு, உயர்பள்ளிப் படிப்பு முடிகிறது. பிள்ளை கணிதம்தான் படிப்பேன் என்று நிற்கிறான். கெட்டிக்காரன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கணிதம் படித்தவனுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

சுவிசில் எங்கள் வீடுகளில் இந்தக் கேள்வி இன்றும் கேட்கிறது. பிள்ளை வரலாறோ இசையோ படிக்க விரும்பினால் தகப்பன் முகம் மாறும். கணினிப் பொறியியல் என்றால் தாய் கோயிலில் அர்ச்சனை செய்வார். இப்போது அந்தப் படிப்பைப் பற்றியும் ஒரு பயம் வந்துவிட்டது. நிரலை இயந்திரமே எழுதுகிறதாம், பிறகு பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். கணக்கியல் தொழிலில் இருக்கும் எங்களிடமும் வந்து கேட்கிறார்கள், ஏதோ எதிர்காலத்தின் ஐந்தொகை எங்கள் மேசையில் இருப்பதுபோல. அது எங்களிடம் இல்லை. ஆனால் மக்ஸ் நொய்மானின் மகன் கதை இருக்கிறது. இன்று எங்கள் பிள்ளைகள் படிக்கப் போகும் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர். அவர் கையில் இருந்தது இரசாயனப் பொறியியல் பட்டயம். அதைக் கொடுத்தது சூரிச் நகரத்துப் பல்கலைக்கழகம்.

அவர் பிறந்தது 1903 டிசம்பர் 28. பெயர் யானோஷ். அமெரிக்கா போன பிறகுதான் ஜோன். வசதியான யூதக் குடும்பம், மூன்று ஆண் பிள்ளைகள். தாய்வழிப் பாட்டனார் விவசாயக் கருவி வியாபாரி. பெரிய பெரிய எண்களை மனத்திலேயே பெருக்குவாராம். 1913இல் பேரரசர் தகப்பனாருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். வொன் என்ற முன்னொட்டு வந்தது அப்படித்தான். பள்ளியில் லாஸ்லோ ராட்ஸ் என்ற கணித ஆசிரியர் பையனைக் கண்டுகொண்டார். இவனுக்கு வகுப்பறைக் கணிதம் போதாது என்று தகப்பனாரிடம் போய்ச் சொல்லி, பல்கலைக்கழகத்து ஆட்களைக் கொண்டு வீட்டில் படிப்பிக்க ஏற்பாடு செய்தார். அதற்குப் பணம் வாங்கவில்லை. நல்ல வாத்தியார் ஒருவர் கண்ணில் படுவது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு விளங்கும்.

மக்ஸ் நொய்மானைப் பணத்தாசை பிடித்தவர் என்று சிலர் எழுதுகிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. 1919இல் ஹங்கேரியில் பேலா குன் ஆட்சியைப் பிடித்து 133 நாட்கள் வைத்திருந்தார். வங்கியாளர் குடும்பம் ஊரைவிட்டு அத்திரியாட்டிக் கடற்கரைக்கு ஓடியது. அந்த ஆட்சி விழுந்ததும் வந்தவர்கள் யூதர்கள்மீது பாய்ந்தார்கள். 1920இல் ஒரு சட்டம் வந்தது: பல்கலைக்கழக அனுமதி சனத்தொகையில் ஒவ்வொரு இனத்துக்கும் உள்ள பங்கின்படி. யூத மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் அதன் நோக்கம். 1970களின் தரப்படுத்தலைக் கண்ட எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கவே தேவையில்லை. வீடும் வங்கியும் ஒரே இரவில் போகலாம், நாடு மாறவேண்டி வரலாம். அப்படிப் போகும் இடத்தில் விலைபோகும் ஒரு படிப்பு பிள்ளையின் கையில் இருக்கவேண்டும். அந்தத் தகப்பன் போட்ட கணக்கு இதுதான். அதில் பிழை காண எங்களால் முடியாது.

அவர் தியோடர் வொன் கார்மான் என்ற புகழ்பெற்ற பொறியியல் பேராசிரியரைப் பிடித்து, கணிதத்திலிருந்து பையனின் மனத்தை மாற்றச் சொன்னார். கார்மான் பையனோடு கதைத்துப் பார்த்துவிட்டு ஒரு சமரசத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஜேர்மனியின் இரசாயனத் தொழில் உலகத்தில் முன்னணியில் நின்றது. இன்று கணினி எப்படியோ அன்று இரசாயனம் அப்படி. ஆகவே இரசாயனப் பொறியியல்.

பையன் தகப்பன் சொல்லைத் தட்டவில்லை, தன் ஆசையையும் விடவில்லை. புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் கணிதக் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டார். பேர்லினில் இரண்டு வருடம் இரசாயனம் படித்தார். 1923இல் சூரிச் ஈ.தி.எச். நுழைவுச் சோதனையில் சித்தியடைந்து அங்கே போனார். புடாபெஸ்டுக்குப் போனது சோதனை எழுதத்தான். 1926இல் சூரிச்சில் பொறியியல் பட்டயம், அதே ஆண்டு புடாபெஸ்டில் கணிதக் கலாநிதிப் பட்டம்; வயது இருபத்திரண்டு. சூரிச்சில் இரசாயன ஆய்வுகூடத்தைவிட கணித விரிவுரைகளில்தான் மனம் இருந்தது. ஒருமுறை பேராசிரியர் போல்யா இன்னும் நிறுவப்படாத ஒரு தேற்றத்தை வகுப்பில் சொன்னார். ஐந்து நிமிடத்தில் இந்த மாணவர் கையை உயர்த்தி, கரும்பலகையில் நிறுவலை எழுதிக்காட்டினார். அதன்பிறகு அவரைக் கண்டால் தனக்குப் பயம் என்று போல்யா சொல்வாராம்.

பட்டயம் வாங்கியும் அவர் இரசாயனத் தொழிலுக்குப் போகவில்லை. கொட்டிங்கனில் ஹில்பேர்ட்டிடம் போனார், பிறகு பேர்லினிலும் ஹம்பேர்க்கிலும் விரிவுரையாளர். இங்கேதான் அவர் தகப்பனின் பிள்ளை என்பது தெரிகிறது. அந்த விரிவுரையாளர்களுக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது. பேராசிரியர் பதவி ஒன்று வெறுமையாகும்வரை காத்திருக்கவேண்டும். அடுத்த மூன்று வருடங்களில் ஜேர்மனியில் வெறுமையாகக்கூடிய இடங்களைக் கணக்கிட்டார்: மூன்று. காத்திருப்பவர்களை எண்ணினார்: நாற்பது. அமெரிக்காவின் பிரின்ஸ்ரனிலிருந்து வந்த அழைப்பை ஏற்று 1930இல் கப்பல் ஏறினார். பிள்ளைக்குத் துறை தேடும் பெற்றோர் செய்யவேண்டிய கணக்கும் இதுவே என்பது எங்கள் எண்ணம். பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், வாசலில் நிற்கும் நாற்பது பேர் கண்ணில் படமாட்டார்கள்.

1933இல் ஹிட்லர் வந்தார். ஜேர்மனியில் இன்னும் வைத்திருந்த பதவியை நொய்மான் விட்டுவிட்டார். அதே ஆண்டு பிரின்ஸ்ரனில் புதிதாகத் தொடங்கிய உயர் ஆய்வு நிறுவனத்தில் ஐன்ஸ்டைனோடு அவரும் முதல் பேராசிரியர்களில் ஒருவரானார். 1937இல் குடியுரிமை கிடைத்தது.

அடுத்து வருவதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. போர்க்காலத்தில் அவர் லொஸ் அலமோஸில் அணுகுண்டுக்கு வேலை செய்தார். புளுத்தோனியக் குண்டை உள்நோக்கி அமுக்கி வெடிக்கவைக்கும் கணிதத்தில் அவருடைய பங்கு பெரியது. எந்த உயரத்தில் வெடித்தால் நகரத்துக்குச் சேதம் அதிகம் என்பதையும் கணக்கிட்டார். இலக்குகளை ஆராய்ந்த குழுவிலும் இருந்தார். விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்களுக்கு இந்தக் கணக்கை வாசிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. அகதியாக ஓடிவந்த ஒருவர் இதைச் செய்தார். ஐரோப்பாவில் தன் இனம் அழிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் என்பதும் உண்மை. இரண்டையும் கழித்து மீதி எடுக்க எங்களுக்குத் தெரியவில்லை.

கணினிக்கு அவரை இழுத்து வந்ததும் போர்தான். 1944 கோடையில் அபடீன் ரயில் நிலையத்தில் ஹேர்மன் கோல்ட்ஸ்ரைன் என்ற இராணுவ அதிகாரி அவரோடு பேச்சுக் கொடுத்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்று ஒரு இயந்திரம் செய்கிறார்கள் என்ற செய்தி அப்போது அவர் காதில் விழுந்தது. ஏறத்தாழ 18,000 வால்வுகள், 30 தொன் எடை. பழைய வால்வு ரேடியோ ஒன்றைத் திருத்தவே பட்ட பாட்டை நினைத்தால் 18,000 எப்படியிருக்கும் என்று ஊகிக்கலாம். அதற்கு ஒரு புதிய கணக்கைக் கொடுக்க வயர்களைக் கழற்றி மாட்டவேண்டும், சிலவேளை நாட்கணக்காகும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் கொம்பியூட்டர் என்பது மனிதர் செய்த ஒரு வேலையின் பெயர். கையால் கணக்குப் போட்ட பெண்கள் பலர் அந்தப் பதவியில் இருந்தார்கள். அவர்களுள் ஆறு பேர்தான் எனியாக்கின் முதல் நிரலாளர்கள்.

1945 யூன் மாதம் 101 பக்க அறிக்கை ஒன்று வெளிவந்தது. செய்யவேண்டிய கட்டளைகளையும் எண்களைப்போல இயந்திரத்தின் நினைவகத்திலேயே வைத்துவிடலாம் என்பது அதன் சாரம். வயரைக் கழற்றத் தேவையில்லை. நிரலை மாற்றினால் அதே இயந்திரம் வேறு வேலை செய்யும். இன்று எங்கள் பையில் இருக்கும் தொலைபேசிவரை அடிப்படை அமைப்பு அதுதான். ஆனால் அட்டையில் நொய்மானின் பெயர் மட்டும் இருந்தது. எனியாக்கைக் கட்டிய எக்கேர்ட், மோக்லி என்ற இருவரும் அந்தச் சிந்தனையில் பங்குள்ளவர்கள். அவர்கள் மனம் நொந்தார்கள். அந்த நோவு நியாயமானது என்றே நினைக்கிறோம். பிற்காலத்தில், 1973இல், எனியாக் காப்புரிமையை அமெரிக்க நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தபோது, அறிக்கை முன்னரே வெளியாகிவிட்டது என்பதும் அதற்கு ஒரு காரணமாயிற்று. எவருக்கும் உரிமையில்லை என்றானதால் எல்லோருக்கும் பயன்பட்டது என்பதும் உண்மை.

போர் முடிந்ததும் நொய்மான் பிரின்ஸ்ரனிலேயே ஒரு கணினி கட்டத் தொடங்கினார். தத்துவமும் கணிதமும் பேசும் அந்த நிறுவனத்துக்குள் ஈயம் உருக்கி ஒட்டும் பொறியியலாளர்கள் வருவது சில பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. முதலில் வேலை நடந்தது நிலக்கீழ் அறையில். தலைமைப் பொறியியலாளர் ஜூலியன் பிகெலோ மின் பொறியியல் படித்தவர். நிரல் எழுதியவர்களில் ஒருவர் நொய்மானின் மனைவி கிளாரா. அவரும் புடாபெஸ்டிலிருந்து வந்தவர், பனிச்சறுக்கு நடனத்தில் சிறுவயதில் வென்றவர், பல்கலைக்கழகக் கணிதப் பட்டம் எதுவும் இல்லாதவர். வேலையிலேயே பழகி, 1948இல் எனியாக்கில் ஓடிய அணு ஆய்வுக் கணக்குகளுக்கு நிரல் எழுதினார். எங்கள் இளைஞர்கள் இங்கே நான்கு வருடத் தொழிற்பயிற்சியில் இன்போர்மாட்டிக்கர் ஆகிறார்களே, அவர்களை இரண்டாந்தரமாகப் பார்க்கும் உறவினர்கள் கிளாராவைப் பற்றி வாசிக்கவேண்டும். அந்தப் பயிற்சியோடு தொழில்சார் மத்துரா எடுத்தால் பக்கொக்சூலவுக்குப் போய்ப் பொறியியல் பட்டமும் எடுக்கலாம். பாதை கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான்.

பிரின்ஸ்ரன் இயந்திரம் 1952இல் பகிரங்கமாக இயக்கிவைக்கப்பட்டது. நினைவகம் மொத்தம் ஐந்து கிலோபைட். இன்று ஒரு குறுஞ்செய்திப் படத்துக்கும் காணாது. அதில் குண்டுக் கணக்கும் ஓடியது, வானிலைக் கணக்கும் ஓடியது. வடிவமைப்பு அறிக்கைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து 1953இல் ஸ்ரொக்ஹோமிலும், 1956இல் சிட்னியிலும், பிறகு கொப்பன்ஹேகனிலும் இயந்திரங்கள் எழுந்தன. எங்கள் உறவுகள் பிற்காலத்தில் அகதிகளாகப் போய் இறங்கிய நகரங்கள் இவை. மும்பையிலும் அதே வழியில் ரிப்ராக் என்ற கணினி 1960இல் இயங்கியது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய நரசிம்மன் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தவர்.

கணக்காளர்களுக்குப் பிடித்த கிளை லண்டனில் இருக்கிறது. தேநீர்க் கடைகளும் வெதுப்பகங்களும் நடத்திய லயன்ஸ் நிறுவனம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினியைப் பின்பற்றித் தனக்கென்று ஒன்று கட்டியது; 1951இல் வெதுப்பகக் கணக்குகளை அதில் ஓட்டத் தொடங்கியது. பிறகு சம்பளப் பட்டியல். நிரல் எழுத ஆள் தேடியபோது தன்னுடைய அலுவலக ஊழியர்களையே சோதித்து எடுத்தது. பாண் விலையும் சம்பளக் கழிவும் தெரிந்தவனுக்கு இயந்திரத்தைப் பழக்குவது இலகு என்று கண்டார்கள். இன்றும் எங்கள் அலுவலகத்துக்கு மென்பொருள் அமைக்க வருபவர்களில் நல்லவர், முதலில் எங்கள் வேலையைப் பற்றிக் கேட்பவர்.

கணினியைத் தனித் துறையாக்கிய முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் பேர்டு, 1962இல். நொய்மான் படித்த ஈ.தி.எச்.சில் அந்தத் துறை 1981இல்தான் வந்தது. எங்களவர் சுவிசுக்கு வந்து, வர்த்தகப் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு உணவகங்களில் கோப்பை கழுவத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். இன்று அங்கே முதலாம் வருடத்தில் போகும் பிள்ளை நிரலாக்கம் மட்டும் படிப்பதில்லை. நேரியல் இயற்கணிதம், தொடரிலாக் கணிதம், பகுப்பாய்வு என்று கணிதம் நெருக்குகிறது. கணினி அமைப்பு பற்றிய பாடத்தில் நொய்மானின் பெயர் வருகிறது. முதலாம் வருடச் சோதனையில் தவறும் பிள்ளைகள் பலர் தடுமாறுவது அந்தக் கணிதத்தில்தான் என்று பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். அதைத் தாண்டியவர்கள் வங்கியிலும் காப்புறுதியிலும் மருந்து நிறுவனங்களிலும் சிப் வடிவமைப்பிலும் இருக்கிறார்கள். ஒரே பட்டம், ஒன்றோடொன்று ஒட்டாத வேலைகள்.

1955இல் நொய்மான் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு உறுப்பினரானார். அதே ஆண்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. கணினியையும் மனித மூளையையும் ஒப்பிட்டு யேல் பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்ற ஒப்புக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி அதை எழுதிக்கொண்டிருந்தார், முடிக்க முடியவில்லை. 1957 பெப்ரவரி 8ஆம் திகதி வாஷிங்டன் இராணுவ மருத்துவமனையில் இறந்தார். வயது 53. அரைகுறையாய் நின்ற விரிவுரையைக் கிளாரா மறு ஆண்டு புத்தகமாகக் கொண்டுவந்தார். அதே 1958இல் பிரின்ஸ்ரன் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது அது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.