மழை வர்றதுக்கு முன்னாடி விதையை வீசியவர்!

பல்லடம், காங்கேயம் மானாவாரிக் காடுகளில் மழை ஏமாற்றினால் விதைச்செலவு போச்சு. ஜப்பானில் மசனோபு ஃபுகோகா இதற்கொரு வழி வைத்திருந்தார்.

1913-ல் பிறந்தவர். யோகோஹாமா சுங்கத்துறையில் பயிர்நோய் பார்க்கும் வேலை. 25 வயதில் கடும் காய்ச்சலில் விழுந்து எழுந்ததும், வேலையை உதறிவிட்டு ஊருக்குக் கிளம்பிட்டார். கவாத்து செய்யாமல் விட்டதில் அப்பாவின் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. ஊர் சும்மாவா இருந்திருக்கும்?

அதற்கப்புறம்தான் சும்மா விடுவதும் இயற்கை விவசாயமும் வேறு வேறுன்னு புரிந்தது. மரங்களுக்கு நடுவே, களைக்குள்ளேயே முள்ளங்கி, கடுகு, டர்னிப் விதைகளைத் தூவினார். சில நாள் விடாமல் பெய்யும் மழைக்குக் கொஞ்சம் முன்னாடி வீசுவார். பிறகு களையை அறுத்து மேலேயே பரப்பிவிடுவார். பறவைக்கும் வெயிலுக்கும் தப்பிக்க, களிமண் விதைப்பந்து. நாலைந்து செடியைப் பிடுங்காமல் பூக்கவிட்டால் அடுத்த விதை தானாக விழும்.

1988-ல் மகசேசே விருது. 2008-ல், 95 வயதில் மறைந்தார்.