ராமானுஜன் அட்டவணையில் விட்டுப்போன எண்

கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் 22-12-1887 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கியதால் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். கடல் தாண்டலாகாது என்ற ஆட்சேபணையைக் கடந்து, 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

1915-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. 12-ஐ மீதியின்றி வகுக்கும் காரணிகள் 6. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இத்தகைய எண்களை 67,46,32,83,88,800 வரை, கணினியில்லாத அந்நாளில் அட்டவணைப்படுத்தினார். இக்கடைசி எண்ணுக்கு 10,080 காரணிகள்!

அதில் 5,040 காரணிகள் கொண்ட 2,93,31,86,25,600 என்ற எண் விட்டுப்போயிற்று. அதை 23-ஆல் பெருக்கிப் பார்த்தேன். அவருடைய கடைசி எண்ணே விடையாக வந்தது! சுமார் நூறு எண்களில் ஒன்று தப்பியது, அந்த உழைப்பின் கடுமையைத்தான் எனக்கு உணர்த்துகிறது.

இவ்வாராய்ச்சிக்காகவே 1916-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1918-ல் எஃப்.ஆர்.எஸ். கௌரவமும் வந்தது. 1919-ல் நோயுடன் தாயகம் திரும்பியவர், 26-4-1920 அன்று 32 வயதில் சென்னையில் காலமானார்.

அங்கத்தினர்கள் தங்கள் குழந்தைகளை இப்பெருக்கலைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.